மேல்காட்டுக்குத் தண்ணீர் வந்த விதம்

ஒரு காட்டில் தண்ணீர் இருந்தது. ஆனால் அது கீழே இருந்தது. தாகம் மேலே இருந்தது.

கீழ்க்காடு பழைய ஊர். அங்கே ஏரி உண்டு. ஏரியிலிருந்து மூங்கில் குழாய் போட்டு வளைக்கு வளை, பொந்துக்குப் பொந்து நகராட்சி தண்ணீர் கொடுத்திருந்தது. கீழ்க்காட்டுத் தவளைகள் குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே உட்கார்ந்து பாட்டுப் பாடும். மூடத் தோன்றினால் மூடும்.

மேல்காடு பின்னால் வந்தது. கீழே இடம் நெருக்கடி ஆனதும் மலைச்சரிவில் இருந்த புதர்களை ஒரு நரி மனைபோட்டு விற்றது. வாங்க வந்தவர்கள், "எல்லாம் சரி, தண்ணி?" என்று கேட்டார்கள்.

"வந்துக்கிட்டே இருக்கு" என்றது நரி.

அதற்கப்புறம் நரியும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை.

அப்படி மனை வாங்கி ஏமாந்தவர்களில் ஒருத்தி முயல் வெள்ளைத்தாய். அவளுக்கு மூன்று குட்டிகள். வீட்டுக்காரன் காட்டுக்கு வெளியே கடலைக்காட்டு வேலைக்குப் போனவன், அறுப்பு முடிந்தால்தான் வருவான். ஆகவே தினமும் சுரைக்குடுக்கையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு இறங்கி ஏறுவது வெள்ளைத்தாயின் வேலை. பாதை செங்குத்து. போகும்போது குடுக்கை காலி, ஓட முடியும். வரும்போது குடுக்கை நிறைந்திருக்கும், ஓடினால் சிந்தும். இது அவளுக்குத் தெரிந்த மாதிரியே சிறுத்தை வேலாயுதத்துக்கும் தெரியும். அவன் பாதைத் திருப்பத்தில் இருக்கும் பாறைமேல் படுத்து, ஏறி வருகிறவர்களை மட்டும் பார்ப்பான். இறங்கிப் போகிறவர்களை அவன் தொந்தரவு செய்ததே இல்லை.

போன கோடையில் ஒரு தடவை வெள்ளைத்தாய் குடுக்கையைப் போட்டுவிட்டு ஓட நேர்ந்தது. உயிர் தப்பியது, பாதி வால் தப்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் குட்டிகள் வாலைப் பார்க்கவில்லை. "தண்ணி எங்கம்மா?" என்றுதான் கேட்டன.

இந்தக் கோடை அதைவிட மோசமாக ஆரம்பித்தது. மேல்காட்டுச் சுனைகள் பங்குனியிலேயே வறண்டன. கடைக்குட்டி எழுந்து நடக்காமல் படுத்தே கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் நகராட்சிப் பொறியாளர் கொக்கு சிகாமணி மேல்காட்டுக்கு வந்தார்.

கொக்கு சிகாமணி நிதானமானவர். ஒற்றைக் காலில் நின்றுதான் பேசுவார். இன்னொரு காலை எதற்கு வைத்திருக்கிறார் என்று கேட்டால், "அது அடுத்த கட்டப் பணிக்கு" என்பார்.

"ஏரித் தண்ணியை மேல்காடு வரைக்கும் நீட்டிக்க நகராட்சி கொள்கை அளவுல சம்மதிச்சிருக்கு" என்றார். "செலவுல பாதியை நகராட்சி போடும். மீதிப் பாதியை நீங்க போடணும். யார் யார் எவ்வளவு போடறதுன்னு உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்கிடுங்க. அதுக்குத்தான் கருத்துக்கேட்புக் கூட்டம்."

"எத்தனை நாள் கூட்டம்?" என்று கேட்டாள் வெள்ளைத்தாய்.

"எல்லாரும் ஒத்துக்கிடுற வரைக்கும். ஒரே ஒருத்தர் ஆட்சேபணை சொன்னாலும் கூட்டத்தை முடிக்க விதி இடம் கொடுக்காது."

"ஒரு நாள்லயே முடிஞ்சிரும் ஐயா. தண்ணி வேண்டாம்னு யாரு சொல்லப்போறா?" என்றாள் வெள்ளைத்தாய். அவள் அதற்கு முன் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை.

கூட்டம் வாகைமரத்தடியில் கூடியது. மேல்காடு குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் கரடி திரவியம் தலைமை தாங்கினார். வந்தவர்களை வரவேற்றார், வராதவர்களையும் வரவேற்றார், நகராட்சிக்கு நன்றி சொன்னார், வாகைமரத்துக்கு நன்றி சொன்னார், அதற்குள் எதற்காகக் கூடியிருக்கிறோம் என்பது அவருக்கு மறந்துபோனது. கொக்கு அவர் காதில் சொன்னதும், "ஆங், தண்ணி!" என்றார்.

அந்த நேரத்தில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. எருமை மாசானம் முதுகில் இரண்டு பக்கமும் பெரிய தோல்பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்து, மரத்தடியில் இருந்த கல்தொட்டியில் கவிழ்த்தான்.

"இது என்ன?" என்றார் கரடி.

"கருத்துக்கேட்பு நடக்கிற இடத்துல பொதுமக்களுக்கு நிழல், இருக்கை, குடிதண்ணி மூணும் நகராட்சி செய்து தரணும். விதி இருக்கு" என்றார் கொக்கு. "அப்புறம் இன்னொரு விதி. கூட்டம் நடக்கிற இடத்துல யாரும் யாரையும் தின்னக் கூடாது."

இரண்டாவது விதியைக் கேட்டதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் சிறுத்தை வேலாயுதம் வாயை மூடிக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தான்.

முதலில் வெள்ளைத்தாய்தான் எழுந்தாள். "எனக்குப் பேசத் தெரியாது. என் கடைக்குட்டி நாலு நாளா எந்திரிக்கல. எவ்வளவு கேட்டாலும் என் பங்கைக் கொடுத்திருதேன். சண்டை போடாம எல்லாரும் ஒத்துமையா இருந்து, சீக்கிரம் குழாயைக் கொண்டுவந்திருங்க. அவ்வளவுதான்."

எல்லாரும் கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் சண்டை ஆரம்பித்தது.

ஆரம்பித்தவர் யானை ஆவுடையப்பன். "வீட்டுக்கு வீடு சமமாப் போட்டுருவோம். அதுதான் நியாயம். நானும் ஒரு வீடு, அணிலும் ஒரு வீடு" என்றார்.

அணில் செண்பகம் கிளையிலிருந்து விருட்டென்று இறங்கினாள். "ஒரு வீடா? நான் குடிக்கிறது இலை நுனியில நிக்கிற தண்ணி. அண்ணாச்சி ஒரு உறிஞ்சு உறிஞ்சினா குழாயே உள்ள போயிரும். இதுல சமமாம்! வயித்து அளவுக்குப் போடுங்க."

"நான் ஒண்டிக்கட்டை. உன் பொந்துல எத்தனை தலைன்னு உனக்காவது தெரியுமா?"

"என் பிள்ளைங்களை எதுக்கு இழுக்கீங்க?"

"நீ என் வயித்தை எதுக்கு இழுத்தே?"

கரடி இருவரையும் அமைதிப்படுத்த எழுந்து, மறதியாக மறுபடியும் வரவேற்புரை ஆற்றினார்.

அப்போது கடைசி வரிசையில் வேலாயுதம் ஒரு பாதத்தை உயர்த்தினான். "எனக்கும் ஒரு ஆட்சேபணை உண்டுங்க. எல்லாரும் வீட்டுலயே தண்ணி பிடிச்சா ஏரிப் பாதையில யாரு வருவா? நானும் குடும்பஸ்தன்."

கூட்டம் திகைத்துப்போனது. கொக்கு மட்டும் திகைக்கவில்லை. "வாழ்வாதாரப் பிரச்சினை. குறிச்சுக்கிட்டேன்" என்றார்.

வெள்ளைத்தாய் ஆத்திரத்தோடு திரும்பினாள். அவன் அவள் வாலைப் பார்த்தான். "அது உங்களுதாம்மா? மன்னிக்கணும். அன்னைக்கு ஒரு அவசரம்" என்றான்.

அன்று ஒரு முடிவும் வரவில்லை. கூட்டம் மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கலைவதற்கு முன் ஆளாளுக்குத் தொட்டியில் வாய் வைத்துக் குடித்தார்கள். வெள்ளைத்தாய் ஓடிப்போய்க் குட்டிகளைக் கூட்டி வந்தாள். கடைக்குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்கிவந்து தொட்டி விளிம்பில் வைத்தாள். அது முதலில் நாக்கை நனைத்தது, பிறகு மூக்கு முங்கக் குடித்தது, தும்மியது, சிரித்தது.

மறுநாளும் கூட்டம். அதற்கு மறுநாளும் கூட்டம். வயிறா வீடா என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. வயிற்றுக் கட்சியில் எறும்பு முதல் எலி வரை சேர்ந்தார்கள். வீட்டுக் கட்சியில் யானையும் காட்டுப்பன்றிக் குடும்பமும் இருந்தார்கள். வாசல் அகலத்தை வைத்துப் போடலாம் என்று பாம்பு ஒரு யோசனை சொன்னது. பாம்புக்கு வாசல் ரொம்பச் சின்னது என்பதை எல்லாரும் கவனித்தார்கள். நிலத்தில் வாழாதவர்களுக்கு வரிவிலக்கு வேண்டும் என்று கிளிகள் கத்தின. எல்லாவற்றையும் கொக்கு குறித்துக்கொண்டார். கரடி தினமும் அதே வரவேற்புரையை முதல் தடவை மாதிரியே ஆற்றினார்.

வெள்ளைத்தாய்க்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் சேர்ந்தால் ஒரு நாளில் முடிகிற காரியம் இது என்று அவள் மனதார நம்பினாள். பகல் வெயில் தாழ்ந்ததும் வீடு வீடாகப் போய்ப் பேச ஆரம்பித்தாள்.

முதலில் யானை வீட்டுக்குப் போனாள். ஆவுடையப்பன் தனியாக உட்கார்ந்து ஒரு மூங்கில் குருத்தைச் சவைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட இல்லாததா? கொஞ்சம் கூடப் போட்டா என்ன?" என்றாள்.

யானை குருத்தைக் கீழே வைத்தார். பிறகு, "காசு பெரிசில்ல தாயி" என்றார். "வயித்துக்குத் தக்கன போடுன்னு ஒத்துக்கிட்டேன்னு வையி. நாளைக்கு நான் குழாய்க்கிட்ட போனா, எத்தனை வாய் குடிக்கேன்னு ஊரே எண்ணும். சின்ன வயசுலருந்து விருந்துக்குப் போற இடத்துல எல்லாம் என் இலையைத்தான் எண்ணுவாங்க. தண்ணியாவது எண்ணாம குடிக்கணும்னு ஒரு ஆசை."

வெள்ளைத்தாய்க்கு அவர்மேல் இரக்கம் வந்தது. "யாரும் எண்ண மாட்டாங்க அண்ணாச்சி. உங்களைப் பெரிய நன்கொடையாளர்னு சொல்லி, குழாய்க்குப் பக்கத்துல கல்லுல பேரு வெட்டச் சொல்லுதேன். நன்கொடை கொடுத்தவரை எவன் எண்ணுவான்?"

யானையின் காது மெதுவாக அசைந்தது. "பேருக்கு முன்னால 'வள்ளல்'னு போடுவாங்களா?" என்று கேட்டார்.

அடுத்து அணில் பொந்துக்குப் போனாள். செண்பகம் எடுத்த எடுப்பிலேயே, "நீ யானைக்கட்சியா?" என்று சீறினாள். வெள்ளைத்தாய் வேரடியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் செண்பகமே இறங்கி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உனக்கு மட்டும் சொல்லுதேன்க்கா. என் பங்கைக் கொடுக்க என்கிட்ட ஒரு கொட்டைகூட இல்ல. சேர்த்ததெல்லாம் மண்ணுல புதைச்சேன். எங்க புதைச்சேன்னு மறந்துபோச்சு. இதை வெளிய சொன்னா அணில் சாதிக்கே கேவலம். அதனாலதான் வயிறு வயிறுன்னு கத்திக்கிட்டு இருக்கேன்."

"தோண்டுறதுதானே நம்ம தொழில்" என்றாள் வெள்ளைத்தாய். மூன்று மாலை நேரம் அவளும் குட்டிகளும் சேர்ந்து வேரடி முழுக்கத் தோண்டினார்கள். தண்ணீர் குடித்துத் தெம்பாகியிருந்த கடைக்குட்டிதான் அதிகம் தோண்டியது. செண்பகத்தின் கொட்டைகள் கிடைத்தன. முந்தின தலைமுறை அணில்கள் புதைத்து மறந்ததும் சேர்த்துக் கிடைத்தது.

கடைசியில் வெள்ளைத்தாய் ஒரு வழி சொன்னாள். மேல்காட்டின் பங்கில் சரிபாதியை வீட்டுக்கணக்கில் போடுவது, மறுபாதியை வயிற்றுக்கணக்கில் போடுவது. யானை தலையாட்டினார். அணில் வாலாட்டினாள். தலைவர்கள் இருவரும் ஒத்துக்கொண்டதும் இரண்டு கட்சிகளுக்கும் சண்டை போட விஷயம் இல்லாமல் போயிற்று.

அடுத்த நாள் வாகைமரத்தடி திருவிழா மாதிரி இருந்தது. சண்டை போட்டவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கரடி வரவேற்புரையில் வெள்ளைத்தாயின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அவளுக்குக் காது இரண்டும் வெட்கத்தால் மடங்கின.

"அப்போ எல்லாருக்கும் சம்மதமா? சம்மதம்னா கையைத் தூக்குங்க" என்றார் கொக்கு.

எல்லாருக்கும் முன்னால் ஒரு பாதம் உயர்ந்தது. அது சிறுத்தை வேலாயுதத்தின் பாதம்.

வெள்ளைத்தாய்க்குச் சுருக்கென்றது. வாழ்வாதாரம் போகிறது என்று தினமும் புலம்பியவன் இன்று எதற்காக முந்திக்கொண்டு தூக்குகிறான்? அவனைச் சரியாகப் பார்த்தாள். ரொம்ப மெலிந்திருந்தான். விலா எலும்பு வரிவரியாகத் தெரிந்தது. முகத்தில் மட்டும் ஒரு மலர்ச்சி.

அவள் எழுந்தாள். "ஐயா, நாங்க சம்மதிச்சிட்டா குழாய் எப்ப வரும்?"

"நல்ல கேள்வி" என்றார் கொக்கு. "உங்க முடிவை நகராட்சி மன்றத்துல வைப்போம். மன்றம் கூடினதும் தீர்மானம். தீர்மானத்துக்கு அப்புறம் மதிப்பீடு, அதுக்கு அப்புறம் டெண்டர். டெண்டர் எடுக்கிறதுக்குள்ள மழைக்காலம் வந்திரும், மழையில தோண்ட முடியாது. எல்லாம் நல்லபடியா நடந்தா அடுத்த கோடைக்கு அடுத்த கோடை."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்ன?"

"குடிக்கிறதுக்கு?"

"பழையபடி ஏரிக்குப் போக வேண்டியதுதான். கருத்துக்கேட்பு இன்னையோட முடியுது இல்லையா?" கொக்கு திரும்பினார். "மாசானம், நாளையிலருந்து நீ ஏற வேண்டாம்ப்பா."

எருமை மாசானம், "அப்பாடா" என்று காலியான தோல்பைகளைச் சுருட்ட ஆரம்பித்தான்.

அப்போதுதான் வெள்ளைத்தாய்க்கு உறைத்தது. கூட்டம் தொடங்கின நாளிலிருந்து அவள் ஒரு நாள்கூட ஏரிக்கு இறங்கவில்லை. மேல்காட்டில் யாருமே இறங்கவில்லை. அதனால்தான் சிறுத்தை எலும்பாகிப் போயிருந்தான். அதனால்தான் அவள் கடைக்குட்டி இப்போது யானையின் காலைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

"வெள்ளைத்தாயி, நீ இன்னும் கையைத் தூக்கலையே?" என்றார் கரடி.

சுற்றிலும் உயர்ந்த கைகள், துதிக்கை, வால்கள். எல்லாவற்றையும் அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி உயர்த்த வைத்திருந்தாள். குட்டியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், சுருட்டப்படும் தோல்பையைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு" என்றாள்.

மாசானம் சுருட்டுவதை நிறுத்தினான்.

"என்ன ஆட்சேபணை?" என்றார் கொக்கு.

அவளுக்கே தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். "குழாயோட திருகு... இடது பக்கம் திருகினா தண்ணி வருமா, வலது பக்கம் திருகினா வருமா? அதைப் பேசாம நான் எப்படிச் சம்மதிக்க?"

ஒரே கூச்சல். "உனக்கென்ன பைத்தியமா?" என்றார் காட்டுப்பன்றி. "ஊரைக் கூட்டி ஒத்துமைன்னு ஓதினவளே நீதானே!" என்று கிளிகள் கத்தின. யானை ஆவுடையப்பனுக்கு முகம் வாடிவிட்டது, கல்வெட்டு கைநழுவிப் போகிறதே என்று. வேலாயுதம்தான் எல்லாரையும்விடக் கோபப்பட்டான். "ஒத்துமையைக் குலைக்காதீங்கம்மா! ஊர் நல்லா இருக்கணும்னு ஒரு எண்ணம் வேண்டாமா?" என்று எழுந்தே நின்றுவிட்டான்.

வெள்ளைத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகை வந்தது. ஆனால் உட்காரவில்லை.

அணில் செண்பகம் கிளைமேல் இருந்து அவளைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு சிறுத்தையைப் பார்த்தாள். பிறகு எருமையைப் பார்த்தாள். அணில் புதைத்த இடத்தை மறந்தாலும், கண் எதிரே இருப்பதைக் கண்டுகொள்ளும்.

"யக்கா சொல்றது சரிதான்" என்று கீச்சிட்டாள். "நான் இடது கைப் பழக்கம். எனக்கு இடதுதான் வேணும்."

"எனக்கு வலது!" என்றாள் மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு எலி. எலி எப்போதுமே சீக்கிரம் புரிந்துகொள்ளும்.

யானைக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. உடம்பு பெரிசு, செய்தி போய்ச் சேர வேண்டிய தூரம் அதிகம். சேர்ந்ததும் அவர் துதிக்கையை இறக்கினார். "கை உள்ளவங்க இடது வலதுன்னு சொல்லிட்டீங்க. எனக்குக் கையே கிடையாது. என்னைப் பத்தி யாராவது யோசிச்சீங்களா? ஆட்சேபிக்கேன்!" என்று பிளிறினார். அந்தப் பிளிறலில் எல்லாருக்குமே புரிந்துவிட்டது. பாம்பு மட்டும், தனக்குத் துதிக்கைகூடக் கிடையாது என்று மெய்யாகவே வருத்தப்பட்டு ஆட்சேபித்தது.

கொக்கு அனைத்தையும் குறித்துக்கொண்டார். "கூட்டம் நாளைக்கு ஒத்திவைக்கப்படுது. மாசானம், நாளைக்கும் ஏறணும்ப்பா."

மாசானம் பெருமூச்சு விட்டுத் தோல்பையைப் பிரித்தான்.

அதற்கப்புறம் வாகைமரத்தடியில் நடந்த விவாதங்களைப் போல அந்தக் காடு அதுவரை கண்டதில்லை. குழாய்க்குப் பச்சை நிறம் அடிப்பதா மண் நிறம் அடிப்பதா என்று ஒரு வாரம் பேசினார்கள். தண்ணீர் விழும் சத்தம் சளசள என்று இருக்க வேண்டுமா சலசல என்று இருக்க வேண்டுமா என்று கிளிகள் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடின. சண்டைக்கு நடுவே எல்லாரும் ஒருவரை ஒருவர் நலம் விசாரித்துக்கொண்டார்கள். யாருக்காவது அன்றைக்கு ஆட்சேபணை தோன்றாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் தன்னிடம் இருந்ததில் ஒன்றைக் கொடுத்து உதவினார். மேல்காட்டில் அவ்வளவு ஒற்றுமை அதற்கு முன் இருந்ததே இல்லை.

தாங்கமுடியாமல் போனது எருமை மாசானத்துக்குத்தான். குளம்பு தேய்ந்தது. முதுகில் தோல் உரிந்தது. ஒருநாள் அவன் கீழ்க்காட்டில் நகராட்சி வாசலில் இருந்த சேற்றில் போய்ப் படுத்துக்கொண்டான். "தூக்குக் கூலியை ரெண்டு மடங்கு ஆக்குங்க, இல்லாட்டி நான் சேத்தைவிட்டு எந்திரிக்க மாட்டேன்" என்றான்.

நகராட்சி அப்போதுதான் விழித்துக்கொண்டு கணக்குப் பார்த்தது. குழாய் போட ஆகும் செலவைவிட, குழாய் போடலாமா என்று கேட்பதற்கு ஆன செலவு கூடிப்போயிருந்தது. கொக்கைக் கூப்பிட்டு, "இதை நிறுத்த முடியாதா?" என்று கேட்டார்கள்.

"ஆட்சேபணை இருக்கிறவரைக்கும் முடியாது. விதி" என்றார் கொக்கு.

"செலவையாவது குறைக்க முடியுமா?"

கொக்கு யோசித்தார். அந்த யோசனைக்காகத் தூக்கி வைத்திருந்த காலை முதல்முறையாகத் தரையில் ஊன்றினார். "எருமையை நிறுத்திட்டு, கூட்டம் நடக்கிற இடத்துக்கு ஒரு குழாய் போட்டுரலாம். கூட்டச் செலவுலயே எழுதிரலாம். தீர்மானம் வேண்டாம், டெண்டர் வேண்டாம், பொதுமக்கள் பங்கும் வேண்டாம்."

மூங்கில்கள் வந்தன, தண்ணீரை மேலே ஏற்ற ஒரு ஏற்றம் வந்தது. பெருச்சாளிகள் வந்து தோண்டின. ஒரு வாரம் ஆகவில்லை, வாகைமரத்தடிக் கல்தொட்டியின் மேல் ஒரு குழாய் முளைத்தது. கொக்கு திருகைத் திருகினார். முதலில் காற்று வந்தது, பிறகு ஒரு தவளை வந்தது, பிறகு தண்ணீர் வந்தது.

மேல்காடு மொத்தமும் அதன் கீழே போய் நின்றது. யானை குடிக்கக் குடிக்க யாரும் எண்ணவில்லை, எல்லாரும் தாங்கள் குடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். வெள்ளைத்தாய் தள்ளி நின்று, குட்டிகள் மூன்றும் சேறாகிப் புரள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால் அவை கேட்கும். அவளுக்குத் திட்ட மனம் வரவில்லை. எருமை மாசானம்கூட வந்து ஓரமாகப் படுத்துக்கொண்டு, "இந்தத் தண்ணியைத் தூக்காம குடிக்கிறதுலதான் ருசி" என்றான்.

கரடி திரவியம் நெகிழ்ந்துபோய் மேடை ஏறினார். "மேல்காட்டுக்குத் தண்ணி வந்திட்டது! திட்டம் நிறைவேறிட்டது!"

"இல்லையே" என்றார் கொக்கு. "குடிநீர் நீட்டிப்புத் திட்டம் இன்னும் பரிசீலனையிலதான் இருக்கு. இது கூட்டத்துக்கு வந்த குழாய். திட்டத்துக்கு நீங்க எல்லாரும் சம்மதிச்சா கூட்டம் முடிஞ்சிரும். கூட்டம் முடிஞ்சா இந்தக் குழாயைப் பிடுங்கணும்."

"அப்போ சம்மதிக்காட்டி?" என்றாள் வெள்ளைத்தாய்.

"சம்மதிக்காட்டி என்ன பண்ண முடியும்? பேசிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றார் கொக்கு. சொல்லும்போது அவர் கண் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. கொக்கின் கண்ணை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இன்றைக்கும் அந்தக் காட்டில் காலையில் வாகைமரத்தடியில் கூட்டம் நடக்கிறது. வருகிறவர்கள் ஒவ்வொருவராக ஒரு ஆட்சேபணை சொல்லிவிட்டு, குடித்துவிட்டு, வேண்டியதைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவசர வேலை இருப்பவர்கள் போகிறபோக்கில் "ஆட்சேபணை" என்று மட்டும் சொன்னாலும் போதும். வெள்ளைத்தாயின் வீட்டுக்காரன் அறுப்பு முடிந்து வந்தபோது, அவனையும் அவள் கையோடு கூட்டிப்போய் ஒரு ஆட்சேபணை சொல்ல வைத்தாள்.

சம்மதம் சொல்கிறவன் ஒருவன்தான் மிச்சம், சிறுத்தை வேலாயுதம். அவன் தினமும் மரத்தடியில் நின்று, வற்றிய வயிற்றோடு, "மக்களே, எத்தனை நாளைக்கு இப்படிச் சண்டை? ஒத்துமையா இருங்க. ஒரே மனசா கையைத் தூக்குங்க" என்று உருக்கமாகப் பேசுவான். பேசி முடித்ததும் அவனுக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார்கள்.

போன வாரம் மேல்காட்டுக்கு முள்ளம்பன்றி ஒன்று புதிதாகக் குடிவந்தது. பெயர் கனகு. முதல்நாள் கூட்டத்தில் வேலாயுதத்தின் பேச்சைக் கேட்டு அவளுக்கு முள் எல்லாம் சிலிர்த்துவிட்டது. "எவ்வளவு நல்ல மனுஷன்! அவர் சொல்றதுதானே சரி? நான் திட்டத்தை மனசார ஆத..."

அதற்குள் வெள்ளைத்தாய் பாய்ந்து கனகுவின் வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் இரண்டு முள் ஏறியது. அவள் பொருட்படுத்தவில்லை.

"புதுசு ஐயா, பழகிரும்" என்று கொக்கைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கனகுவின் காதருகே குனிந்தாள். "தங்கச்சி, தாகமா இருக்கா?"

"ரொம்ப" என்றாள் கனகு.

"அப்போ மொதல்ல எதையாவது ஒண்ணை மறுத்துச் சொல்லு."

கனகு சுற்றும் முற்றும் பார்த்தாள். எல்லாரும் அன்பாக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மரத்தோட... நிழலு... கொஞ்சம் கூடுதலா இருக்கு?" என்றாள்.

"குறிச்சுக்கிட்டேன்" என்றார் கொக்கு.

யானை ஆவுடையப்பன் துதிக்கையால் குழாயைத் திறந்துவிட்டார்.

நீதி: கூடி வாழ்ந்தால் கோடி நன்மை. கூடிப் பேசி முடிவுக்கே வராமல் இருந்தால், குடிதண்ணீரும் உண்டு.